கோச்சாக வரக்கூடியவர்கள்

கிதர் முகம்மது கேட்டது சின்ன விஷயம்தான்.

"உன் கூட ஆடுனவங்கள்ல யாரு நல்ல கோச்சா வருவாங்கன்னு ஒரு மூணு பேரு எழுதிக் குடு தங்கச்சி. உனக்குத் தெரியாததா?"

அவர் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்கிறவர். ஊர் கூடைப்பந்துக் கழகத்துக்குச் செயலாளர். கழகத்தின் பெண்கள் அணி இந்த வருடம்தான் முதல் முறையாக மாநிலப் போட்டிக்குப் போகிறது. அதற்கு ஒரு கோச் வேண்டும்.

அறிவுச்செல்வி தலையாட்டிவிட்டு வந்தாள். சென்னையில் ஒரு வங்கி அணியில் பதினோரு வருடம் இருந்தவள் அவள். ஆடுவதற்காகவே வேலை கொடுத்து, ஆடுவதற்காகவே சம்பளம் கொடுத்த அணி. ஆனாலும் அங்கே ஆடினேன் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கும். பதினோரு வருடத்தில் பெரும்பகுதி பெஞ்சில்தான் போயிற்று. யாருக்காவது கால் பிசகினால் நான்கு நிமிடம் இறக்குவார்கள். மற்ற நேரமெல்லாம் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது முப்பத்தொன்பது வயதில், அதே வங்கியின் திண்டுக்கல் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்று பேர் எழுத அவளுக்கு மூன்று நாள் பிடித்தது.

கௌசல்யா எதிராளியை மூச்சுவிட விடமாட்டாள். ஆனால் தோற்றுவிட்டால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டாள். தோற்ற அன்றைக்குத்தானே கோச் வாயைத் திறக்க வேண்டும்? தீபா சுமாராக ஆடுவாள், யாரையும் சிரிக்க வைத்துவிடுவாள். தப்பு செய்தால் எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கி ஒத்துக்கொள்வாள். அது பெரிய குணம். ஆனால் அவள் இருப்பது கோயம்புத்தூரில். பிறகு பாஸிலா. அணியின் நட்சத்திரம் அவள்தான். நன்றாக ஆடுகிறவளுக்கு எல்லாம் கையிலேயே இருக்கும், வாய்க்கு வராது என்று அறிவுச்செல்விக்கு ஓர் எண்ணம் உண்டு. அது பொறாமையில் வந்த எண்ணமாக இருக்குமோ என்று பயந்து, பாஸிலாவின் பெயரையே முதலில் எழுதினாள்.

காகிதத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. அந்த வேலை தனக்கு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சென்னையில் இருந்த நாளிலிருந்தே தெரியும். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தாள். யாரும் கேட்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

கிதர் முகம்மது முதல் பெயரைத் தாண்டவே இல்லை. "பாஸிலாவா! நம்ம பேகம்பூர் புள்ளயில்ல? அம்புட்டுதான், முடிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வா. ஒரு நா புள்ளைகளோட இருந்து பாக்கட்டும்."

முழங்கால் அறுவைக்குப் பிறகு வேலையை விட்டு எட்டு வருடமாக ஊரில்தான் இருந்தாள் பாஸிலா. ஞாயிற்றுக்கிழமை காலை, அறிவுச்செல்வி ஸ்கூட்டியை நிறுத்துவதற்கு முன்பே வாசலுக்கு வந்து நின்றாள்.

"தூக்கமே வரல அறிவு. ஷூ வாங்கிட்டேன், பாரு. எம் மவ கேக்குறா, யாரு கல்யாணத்துக்குப் போறேன்னு."

"நல்லாருக்கு பாஸி."

"சும்மா சொல்லாத. நாமளும் இந்த வேல பாப்போம்னு நெனச்சியா நீ?"

அறிவுச்செல்வி ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பின்னால் உட்கார்ந்தவளின் கை அவள் இடுப்பைப் பழைய உரிமையோடு பிடித்துக்கொண்டது. இவளுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டாள். அது உண்மைதான். வழி நெடுக அந்தப் புது ஷூவின் பக்கம் கண்ணைத் திருப்பாமல் ஓட்டியதும் உண்மைதான்.

மைதானத்தில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். பாஸிலா பத்துப் பந்து போட்டுக் காட்டினாள். ஒன்பது விழுந்தது. அவள் ஆட்டத்தின் அழகே அதுதான்: எழும்புவாள், உச்சியில் ஒரு கணம் தாமதிப்பாள். மறிக்க எழும்பியவள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் பந்து கையை விட்டுக் கிளம்பும். பெண்கள் கைதட்டினார்கள். கிதர் முகம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அறிவுச்செல்வி ஓரத்துப் படிக்கட்டில், வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

சொல்லிக்கொடுக்கும் நேரம் வந்தது. நிலக்கோட்டையிலிருந்து வருகிற ஒச்சம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. நல்ல உயரம், நல்ல கை. ஆனால் பந்து கையைச் சுடுவது போல, வந்த வேகத்தில் எறிந்துவிடுவாள். மறிக்கிறவள் கையில் பட்டுத் திரும்பும்.

"அவசரப்படாத" என்றாள் பாஸிலா.

"சரிக்கா."

மறுபடியும் பட்டுத் திரும்பியது.

"அவசரப்படாதன்னேன்ல?"

"படலக்கா. நான் மெதுவாத்தான் விடுறேன்."

"மெதுவா இல்லடி. அது... மேல போனதும், எப்ப விடணும்னு தானாத் தெரியும்."

"தானாத் தெரிஞ்சா நான் ஏங்க்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வாரேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். பாஸிலாவும் சிரித்தாள். இன்னொரு தடவை செய்து காட்டினாள். அதற்குப் பிறகு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அழகாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒச்சம்மாள் தலையாட்டிவிட்டு அதே தப்பைச் செய்தாள். பாஸிலாவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஏழாவது முறை ஒச்சம்மாள் எழும்பியபோது படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"செத்த!"

ஒச்சம்மாளின் கை நின்றது. மறித்தவள் இறங்கினாள். பந்து போய் வலையில் விழுந்தது.

தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்று அறிவுச்செல்விக்குப் பிறகுதான் உறைத்தது. கொஞ்சம் பொறு என்பதற்கு, செத்த இரு, செத்த நில்லு என்று இந்தப் பக்கத்தில் நாளுக்கு நூறு தடவை காதில் விழுகிற வார்த்தை. ஒச்சம்மாளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. சென்னையில்தான் அது வம்பாகப் போயிற்று. முதல் மேட்சில் பாஸிலா பந்தோடு எழும்பியபோது அறிவுச்செல்வி பெஞ்சிலிருந்து அப்படிக் கத்தியதும், பக்கத்தில் இருந்த கௌசல்யா வெலவெலத்துப் போய், "ஐயோ, யாரு செத்தா?" என்று எழுந்து நின்றுவிட்டாள். எதிரணிப் பெண் ஒருத்தி, தன்னைச் செத்துப்போகச் சொல்லிச் சபிக்கிறாள் என்று நடுவரிடம் புகார் சொன்னாள். கோச் கூப்பிட்டு, இனி பெஞ்சிலிருந்து அபசகுனமாகக் கத்தக் கூடாது என்றார். அடுத்த மேட்சில் அறிவுச்செல்வி வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அன்றைக்குப் பாஸிலாவின் பந்து ஒன்றுகூட ஒழுங்காக விழவில்லை. "என்னமோ காது அடச்ச மாதிரி இருந்துச்சுடி" என்று மட்டும் சொன்னாள். அதற்கடுத்த மேட்சிலிருந்து அறிவுச்செல்வி மறுபடி கத்தத் தொடங்கினாள். யார் திட்டியும் நிறுத்தவில்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

மைதானத்தின் நடுவே நின்று பாஸிலா அவளையே பார்த்தாள். பிறகு பெண்களைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு வந்து, படிக்கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷூவின் நாடாவை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

"அது நீதானா?" என்றாள்.

"எது?"

"எனக்குள்ள இருந்து வருதுன்னு நெனச்சிருந்தேன் அறிவு. இத்தன வருஷமா. மேல போனா ஒரு சத்தம் கேக்கும், கை நின்னுக்கிரும். ஆண்டவன் குடுத்ததுன்னு எம் மவகிட்டகூடச் சொல்லியிருக்கேன்."

"அவன் குடுத்ததுதான். நான் கத்துனா எல்லாருக்குமா விழுந்துச்சு? தீபாவுக்கும்தான் கத்துனேன். அவ என்னயத் திரும்பிப் பாத்துப் பந்தையே விட்டுருவா."

பாஸிலா சிரிக்கப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீரைத் தெளித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் கேட்ட லிஸ்ட்ல ஒம் பேர எழுதுனியா?"

அறிவுச்செல்வி மைதானத்தையே பார்த்தாள்.

"ஏன் எழுதல?"

"யாராச்சும் கேப்பாங்கன்னு இருந்தேன்."

"பதினோரு வருஷம் இப்படித்தான் உக்காந்திருந்த. நானும் கேக்கல. யாரும் கேக்கல." பாஸிலா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு இந்த வேல வேணும்னு ஆசதான். ஷூவெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கேன். ஆனா அந்தப் புள்ளைக்கு ஏழு தடவ காட்டியும் வாயில ஒண்ணும் வரலயே. ஒனக்கு ஒரே வார்த்தையில வந்துருச்சு."

"பாஸி, நீயே அண்ணன்கிட்ட..."

"மாட்டேன். ஒனக்காக நான் கேட்டா அது மறுபடியும் பெஞ்சுதான். நீயே சொல்லு."

கிதர் முகம்மது இரண்டு டீயோடு வந்தார். "என்ன, ரெண்டு பேரும் ரகசியம்? அப்ப பாஸிலா, அடுத்த வாரத்துல இருந்து வந்துருவியா தாயி?"

பாஸிலா டீயை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அறிவுச்செல்வி தன் டீயைப் படியில் வைத்தாள். சொல்ல வேண்டியது நான்கு வார்த்தைதான். அதைச் சொல்வதற்குள் யாரோ போட்ட பந்து உருண்டு வந்து படிக்கட்டில் முட்டி நின்றது. யாரும் எடுக்க வரவில்லை.

"அண்ணே" என்றாள். "இவ வேணாம். நான் பாக்குறேன்."

"என்னத்த?"

"கோச்சு வேல. நான் நல்லாப் பாப்பேன்ணே."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. அவளைப் பார்த்தார், பாஸிலாவைப் பார்த்தார். பாஸிலா, "அவ சொல்லுறது சரிதான்ணே. நான் டீம்ல ஆடுறேன், எடுத்துக்கிட்டா" என்றாள்.

"முட்டி?" என்றாள் அறிவுச்செல்வி உடனே. "டாக்டர்கிட்டக் காட்டிட்டு வா. அப்புறம் பேசலாம்."

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டா" என்றாள் பாஸிலா.

கிதர் முகம்மது தாடியைத் தடவிக்கொண்டார். "ஏம்மா, இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். கொஞ்சம் யோசித்து, "சொல்லியிருப்பேனோ என்னமோ. இன்னைக்குப் பாத்துட்டேன்ல" என்றார். "சரி. காலையில அஞ்சரைக்குப் ப்ராக்டீஸ் வச்சுக்குவமா?"

"ஆறரைக்கு வைங்கண்ணே. ஒச்சம்மா வர்ற மொத பஸ் ஆறு மணிக்கு மேலதான் ஸ்டாண்டுக்கு வருது. எறங்கி ஓட்டமா ஓடி வாரா. வந்ததும் மூச்சு வாங்காமப் பந்தத் தொடுறா. அவ அவசரத்துல பாதி அந்த பஸ்ஸுதான்."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு மாசமா இங்கதானே உக்காந்திருக்கேன்" என்று எழுந்தாள் அறிவுச்செல்வி. பந்தைக் குனிந்து எடுத்துக்கொண்டு, செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள்.