தெளிவாக விழுந்த முத்திரை

கண்ணாடிக் கடைக்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடி விற்கிறவருக்குப் பொருத்தமான பட்டப்பெயர்தான். ஆனால் அது கடையால் வந்ததல்ல, குணத்தால் வந்தது. எந்தப் பொருளையும் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, திருப்பிப் பார்த்து, ஒரு குறை கண்டுபிடிக்காமல் மனிதர் கீழே வைக்க மாட்டார். கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று, ஒரு பக்கம் அரை விரல் இறங்கியிருக்கிறது என்று ஆணி அடித்த ஆளை மூன்று தடவை ஏணியில் ஏற்றி இறக்கினார். அந்த ஆள் இன்றுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

தபால்தலை விஷயத்தில் இந்தக் குணம் பைத்தியமாகவே முற்றியிருந்தது. முப்பத்தைந்து வருஷமாக, புதுத் தபால்தலை எது வந்தாலும் வரிசையில் நின்று ஒரு முழுத் தாள் வாங்கிவிடுவார். ஒட்டுவதற்கு அல்ல, வைத்திருப்பதற்கு. கப்பல்கள், பறவைகள், ரயில் என்ஜின்கள், யாருக்கும் ஞாபகமில்லாத விஞ்ஞானிகள் எல்லோரும் அவருடைய இரும்பு அலமாரியில் காற்றுப் படாமல் குடியிருந்தார்கள். "என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படி லென்ஸ் வச்சுப் பாத்திருக்காரா?" என்று அவர் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடம் கேட்பதுண்டு. பாதி வேடிக்கை, பாதி வயிற்றெரிச்சல்.

அந்த அலமாரியைத் திறக்க வைத்தது மாப்பிள்ளைதான். ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அச்சாகி வந்திருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த பையன் அலமாரி முன்னால் நின்றுகொண்டு கேட்டான்.

"மாமா, இதெல்லாம் யாருக்காக வச்சிருக்கீங்க?"

என்ன விலை போகும் என்று கேட்டவர்கள் உண்டு. யாருக்காக என்று அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. 

"பத்திரிகை கவர்ல ஒட்டிடலாமா? வெறும் கவர்னா பிரிச்ச கையோட குப்பைக்குப் போயிடும். இத ஒட்டினா யாருக்கும் தூக்கிப் போட மனசு வராது."

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் வீட்டைவிட்டே துரத்தியிருப்பார். இவன் கேட்டதும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் மனைவிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

மூன்று சாயங்காலங்கள் சாப்பாட்டு மேஜையில் வேலை நடந்தது. பழைய தபால்தலைகளின் மதிப்பு மிகச் சின்னது. இன்றைய தபால் கட்டணத்துக்கு ஈடுகட்ட ஒரு உறைக்கு ஏழெட்டு ஒட்டவேண்டியிருந்தது. விலாசம் எழுத உள்ளங்கை அகல இடம்தான் மிஞ்சியது. பின்பக்கப் பசை எப்போதோ செத்துப்போயிருந்ததால் தூரிகையால் புதுப் பசை தடவ வேண்டும். அவர் இடுக்கியால் எடுத்துக் கொடுப்பார், மாப்பிள்ளை ஒட்டுவான், மகள் விலாசம் எழுதுவாள். ஒன்றில் வேண்டுமென்றே ஒரு கப்பலைச் சாய்த்து ஒட்டினான்.

"ஐயையோ, சாஞ்சு போச்சு மாப்பிள்ளை. ஈரம் காயறதுக்குள்ள நேராக்கிடுங்க."

"சாயல மாமா. அலை அடிக்குது, ஆடுது."

மகள் பேனாவைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தபால்தலை சேர்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முத்திரை விழுந்த உறை ஒன்று கைக்கு வரவேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே ஒன்று அனுப்பிக்கொள்வார்கள். அந்தச் சாய்ந்த கப்பல் உறையில்தான் மாப்பிள்ளை அவருடைய கடை விலாசத்தை எழுதினான். "உங்களுக்குத் தண்டனை" என்றான். இந்தப் பையன் தன் வீட்டிலேயே பிறந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

முதல் கட்டு அறுபத்திரண்டு உறைகள். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் வந்து எடுத்துக்கொண்டான். "தெருமுனைப் பெட்டியிலயே போட்டுட்டுப் போங்க, லேட்டாகுது" என்று மகள் வாசலில் நின்று சொன்னாள். அது அவர் காதிலும் விழுந்தது. தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

கடையைத் திறந்ததும் மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பெட்டியில் போட்டால் உறைகள் இயந்திரத்துக்குப் போகும். குறுக்கே கறுப்பாய் நாலு கோடு இழுத்துவிடும். இயந்திரம் விட்டதை யாராவது ஒரு அவசரக்காரர் பேனாவால் கிறுக்குவார். முப்பத்தைந்து வருஷம் காற்றுப் படாமல் வைத்திருந்தது. போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, போட்டுட்டீங்களா?"

"பெட்டி முன்னாடிதான் நிக்கிறேன் மாமா. கைய உள்ள விட்டுட்டேன்."

"எடுத்துடுங்க. பாலம் தாண்டிப் பெரிய போஸ்ட் ஆபீஸ் இருக்குல்ல, அங்க கவுண்டர்ல குடுத்தா கையாலயே சீல் வைப்பாங்க. பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க. தேதி தெளிவா விழணும்."

மாப்பிள்ளை சிரித்தான். "சரி மாமா. அரை நாள் லீவு சொல்லிடறேன். உங்க பொண்ணுகிட்ட சொல்லாதீங்க, நம்ம ரெண்டு பேரையும் சேத்துத் திட்டும்."

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும், முத்திரை எப்படி விழுந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மறுபடி கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டியில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டு, யாருடைய கண்ணாடிக்கோ திருகாணி முடுக்கினார்.

பன்னிரண்டரைக்குச் சேதி வந்தது. பாலத்து இறக்கத்தில் லாரி. மணி பன்னிரண்டு சுமாருக்கு என்றார்கள். சுமாருக்கு என்றால் ஐந்து நிமிஷம் முன்னாலா பின்னாலா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் போன் சக்கரத்தில் மாட்டித் தூளாகியிருந்தது. அதில் யார் கூப்பிட்டார்கள் என்று தேட யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அறுபத்தோரு வீடுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை போய்ச் சேர்ந்தது. சாவுக்கு வந்து அழுதுவிட்டுப் போனவர்கள், வீட்டுக் கதவைத் திறந்ததும் அதை மிதித்தார்கள். அறுபத்திரண்டாவதைத் தபால்காரர் கடை மேஜையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டார்.

அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். எட்டுத் தபால்தலை மேலும் வட்ட வட்டமாக, மை கசியாமல், ஓரம் தேயாமல் விழுந்திருந்தது. அலுவலகப் பெயர், தேதி, மணி, எல்லாம் படிக்க முடிந்தது. இவ்வளவு சுத்தமான முத்திரையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அந்தப் பையன் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். உறையைப் பிரிக்காமல், லென்ஸ் துடைக்கும் துணிகளுக்கு அடியில் இழுப்பறையில் தள்ளிப் பூட்டினார். அன்று கடையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

சொல்லியிருக்கலாம். முதல் வாரம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் மகள் கேட்க ஆரம்பித்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, தட்டைப் பார்த்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக்கொண்டு. "அவர் எதுக்கு அந்தப் பக்கம் போனாரு?"

கேள்வி நியாயமானதுதான். பத்திரிகைகள் போய்ச் சேர்ந்துவிட்டன, அதனால் அவற்றைத் தெருமுனைப் பெட்டியில் போட்டிருக்கிறான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முத்திரையை யார் படிக்கிறார்கள்? அவன் வேலை செய்த இடம் வடக்கே. பாலம் தெற்கே. அரை நாள் லீவு வேறு சொல்லியிருக்கிறான், கட்டிக்கப் போகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

நாக்கில் நரம்பில்லாத சனம் எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? அவருடைய தங்கையே துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் ஆரம்பித்தாள். "நல்ல வேளைன்னு நினைச்சுக்கோ கண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்றாள். என்ன தெரிந்தது என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் அவள் வாயிலிருந்து புறப்பட்டது, கண் காது மூக்கு வைத்து, பத்து நாளில் ஒரு பெண்ணாகவே வளர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பாலம் தாண்டி ஒரு மாடி வீடுகூடக் கொடுத்துவிட்டார்கள்.

பூதக்கண்ணாடி பக்கத்து அறையில் இருந்தார். எல்லாம் கேட்டது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மகள் தன்னைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று நினைத்தார். வார்த்தையை மென்று விழுங்கினார். தன் தங்கைமேல் அவருக்கு வந்த கோபம்கூடப் பொய்க் கோபம்தான். ஊர் அவள் வாயில் இருந்தது, உண்மை அவர் இழுப்பறையில் இருந்தது.

நாற்பதாவது நாளோ என்னவோ, மத்தியானம் கடையில் ஆளில்லை. மகள் வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. கண் பரிசோதிக்கிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து மாப்பிள்ளையின் போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினேழு கடை இருக்குப்பா. எல்லாத்துலயும் காமிச்சுக் கேட்டேன். இவர் இங்க வருவாரா, யாரையாச்சும் பாக்க வருவாரான்னு."

துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை அவர் கீழே வைத்தார்.

"ஒருத்தருக்கும் தெரியல. டீக்கடைக்காரர் மட்டும், 'ஏம்மா, உன்ன ஏமாத்திட்டு ஓடிட்டானா?'ன்னு கேட்டாரு. இல்லைன்னு சொல்ல வாய் வரலப்பா." போட்டோவைத் திருப்பி வைத்தாள். "அவர நினைச்சு அழக்கூட முடியல. அழ ஆரம்பிச்சா, யாருக்காக அழறோம்னு வந்துடுது."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. இழுப்பறையைத் திறந்தார். துணிகளை ஒதுக்கி உறையை எடுத்து மேஜைமேல் வைத்து, விளக்கை இழுத்து அதன்மேல் காட்டினார். லென்ஸை அவள் கையில் கொடுத்தார். 

"அந்த வட்டத்துல இருக்கறதப் படிம்மா."

அவள் சாய்ந்திருந்த கப்பலை முதலில் பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு குனிந்தாள்.

"தெளிவா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். தினமும் நாற்பது பேரிடம் கேட்கிற கேள்வி, பழக்கத்தில் வந்துவிட்டது.

"தலைமைத் தபால் நிலையம்" என்று படித்தாள். தேதியைப் படித்தாள். அந்தத் தேதியை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பதினொண்ணு நாப்பது."

"நான்தான் போகச் சொன்னேன். பெட்டில போடப் போனவர போன் பண்ணி நிறுத்தினேன். சீல் நல்லா விழணும்னு."

அவள் நிமிரவில்லை.

"பன்னெண்டு அஞ்சுக்குத் திரும்பவும் கூப்பிட்டேன். எப்படி விழுந்துச்சுன்னு கேக்க. மணி அடிச்சுது. எடுக்கல."

சொல்லி முடித்துவிட்டார். திட்டுவாள், கத்துவாள், லென்ஸைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தார். எது செய்தாலும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஒவ்வொரு தபால்தலையாக நகர்த்திப் பார்த்தாள். எட்டையும் பார்த்தாள். கண்ணீர் உறைமேல் விழாதபடி முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"போஸ்ட் ஆபீஸுக்குத்தான் போயிருக்காரு" என்றாள்.

"ஆமாம்மா."

"வேற எங்கயும் இல்ல."

"இல்லம்மா. உனக்குச் சொல்ல வேண்டாம்னு சொன்னாரு. திட்டுவியாம்."

அப்போது அழுதாள். நாற்பது நாளாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அவர் மேஜைக்கு இந்தப் பக்கமே நின்றார். அவள் தோளைத் தொடும் உரிமை இன்னும் தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், உறையைப் போட்டோவோடு சேர்த்துப் பையில் வைத்தாள். லென்ஸையும் எடுத்துக்கொண்டாள்.

"அவங்க அம்மாகிட்ட காட்டணும். அவங்க காதுலயும் அந்தப் பேச்சு விழுந்திருக்கு. அப்புறம் அத்தை வீட்டுக்குப் போறேன்." கதவருகில் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "சீல் ரொம்ப நல்லா விழுந்திருக்குப்பா."

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் வாசலுக்கு வந்து பார்த்தார். தெருமுனையில், தபால் பெட்டியைத் தாண்டி, பாலத்துப் பக்கம் திரும்பினாள். அந்தத் துக்கத்துக்குப் பிறகு மாப்பிள்ளையின் அம்மா குடிமாறிப் போன வீட்டுக்கு அதுதான் வழி.

அழுத கண்ணோடு போகிறாள். பார்த்துப் போம்மா என்று சொல்ல மறந்துவிட்டார். உள்ளே ஓடிப் போனை எடுத்து அவள் எண்ணைத் தேடினார். விரல் அதன்மேல் போய் நின்றது. இந்நேரம் பாலத்தில் ஏறியிருப்பாள்.

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.