மண்ணெண்ணெய்ப் பெட்டி

பத்து மணிக்கு மாட்டுவண்டி. விடிந்ததிலிருந்து மீனாம்பாள் நடந்துகொண்டே இருந்தாள். பதுளைக் கடைவீதியில் மாட்டுமணி கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தாள்.

பண்டாரவளையில் ரயில், கொழும்பில் கப்பல், அப்புறம் தூத்துக்குடி. அவளை ஊருக்கு அனுப்ப மகன் லிங்கம் முடிவு செய்துவிட்டான்.

"ஊர்ல சின்னம்மா பார்த்துக்குவாங்கம்மா. இங்க உங்களைத் தூக்கி நிறுத்த ரெண்டு ஆள் வேணும்."

பொய்யில்லை. புருஷன் இருந்தவரை பெஞ்சில் உட்கார்ந்தவள், தாலி இறங்கிய நாளிலிருந்து தரைப்பாய்க்கு வந்திருந்தாள். இரண்டு வருஷத்தில், உட்கார்ந்தால் எழ முடியாமல் போயிற்று.

ஆனால் நேற்று மகனின் கடைச் சாக்கு அறையில் கால் கடுத்து, கவிழ்ந்து கிடந்த மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். யார் துணையும் இல்லாமல்! நம்பாமல் ஏழு தடவை எழுந்து பார்த்தாள்.

மருமகள் சந்திரகாந்தியிடம் போய்ச் சொன்னாள்.

"நல்லா இருக்கு அத்தை! வெள்ளைச் சேலையோட பெட்டி மேல ஏறினா, கடைக்கு வர்ற சனம் என்ன பேசும்? அவர் காதுல போட்டுடாதீங்க."

மணி கேட்டது. வண்டியோடு வந்திறங்கிய கொழுந்தன் முத்தையா நாற்காலியில் அமர்ந்தார். மீனாம்பாள் வாசற்படியில் கால் வைக்க, வண்டிக்காரன் பலமாகத் தும்மினான்.

"அபசகுனம்! உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புங்க மதினி," என்றார் முத்தையா. மருமகள் பாயை விரித்தாள்.

மீனாம்பாள் பாயைத் தாண்டி உள்ளே போனாள். பெட்டியைத் தரதரவென்று இழுத்து வந்து நடுக்கடையில் போட்டு உட்கார்ந்தாள். கடைவாசலில் யாரோ சிரித்தார்கள்.

"என்ன மதினி இது!"

"உட்காரச் சொன்னீங்க. உட்கார்ந்துட்டேன்."

தண்ணீரைக் குடித்தாள். வழக்கம்போலத் தூக்கிவிட மருமகளும் சமையல்காரப் பெரியாயியும் ஓடிவந்தார்கள்.

"தொடாதீங்கடி."

முழங்காலில் கையூன்றி எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

முத்தையா முகம் சிவந்தார். "அண்ணன் இருந்தா இந்தக் கூத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பாரா?"

"அவர் இருந்தா நான் பெஞ்சில இருப்பேன் தம்பி."

லிங்கம் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். பிடிப்பார் இல்லாமல் தானே நிற்கும் அம்மாவின் கால்களைப் பார்த்தான்.

"மூட்டையை ஏத்தவா முதலாளி?" என்றான் வண்டிக்காரன்.

"வேணாம். உள்ள வை."

"லிங்கம்! ஊர் சிரிக்குதுடா!"

"சிரிக்கட்டும் சித்தப்பா." அவன் குனிந்து பெட்டியைத் தடவினான். "இந்தப் பக்கம் ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு. அம்மா சேலை கிழிஞ்சிடும். சந்திரா, அந்தச் சுத்தியலை எடு."