கொதிக்க வைக்கிற வரைக்கும்

அந்தப் புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆரணி வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள்: ராதிகா, பட்டு நூல் அவித்துச் சாயம் தோய்க்கும் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் கோபிநாத், போளூரிலிருந்து வந்திருந்த கோபிநாத்தின் தங்கை காவ்யா, காவ்யாவின் புருஷன் சதீஷ், அடுத்த தெரு அங்கன்வாடியில் தடுப்பூசி போட்டு முடித்த கையோடு சதீஷ் அழைத்து வந்த நர்ஸ் குணசுந்தரி. அப்புறம் மதிவதனி. பதினாறு மாதம். பெற்றது காவ்யா, வளர்த்தது ராதிகா. எல்லோரும் கூடியிருப்பது தன்னால்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியாது.

சமையலறையில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாலு பால் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கூடம் வரை கேட்டது.

காவ்யாவுக்கு எட்டாம் மாதமே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை ஒன்றே முக்கால் கிலோ. அடுத்த வாரமே தாய்க்கு மூச்சு முட்டியது. இதயம் வீங்கியிருக்கிறது என்று வேலூரில் சேர்த்துக்கொண்டார்கள். பால் கொடுக்கக் கூடாது, குழந்தையைத் தூக்கவே கூடாது என்றார்கள். சதீஷுக்கும் காவ்யாவுக்கும் தாய் இல்லை. ஒன்பது வருஷமாகப் பிள்ளை இல்லாத ராதிகா இருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே பேச்சு முடிந்தது. குறைமாதக் குழந்தை, பாட்டிலைக் கொதிக்க வைத்துத்தான் பால் தர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சதீஷ் அதையே கெடுவாக வைத்தான். "பாட்டில் கொதிக்க வெக்கிற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. அது நின்னதும் வந்து தூக்கிகினு போறோம்."

ராதிகா தலையாட்டினாள். தேதி என்று ஒன்றை யாரும் குறிக்கவில்லை. குறித்திருந்தால் இத்தனை கெட்டிருக்காது.

கொதிக்க வைக்கச் சொல்லிக் கொடுத்தது கோபிநாத். "நூல் கண்டு தண்ணிக்கு மேல தலைய நீட்டினா அந்த எடம் வேகாது. பாட்டிலும் அப்டித்தான். உள்ள காத்து நிக்கக் கூடாது, முழுசா முங்கணும்." அவள் அப்படியே செய்தாள். ஒருநாள் தவறவில்லை. குழந்தைக்கு ஒரு தடவைகூட வயிற்றுப்போக்கு வந்ததில்லை.

முதல் தடவையாகக் குழந்தை அவளைப் பார்த்து 'ம்மா' என்றபோது அவள் அதன் வாயைப் பொத்தினாள். "அத்தைன்னு சொல்லு. அம்மா போளூர்ல இருக்குது." பத்து நாள் மல்லுக்கட்டிய பிறகு மதிவதனி 'த்தை' என்று சொல்லப் பழகினாள். ராதிகா அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படுகிறவள் இல்லை. பொய் சொல்கிறவளும் இல்லை. அதுதான் சிக்கல்.

ஒரு வயது முடிந்தபோது குணசுந்தரி சொல்லிவிட்டாள். "தரையில கெடக்கிற செருப்ப எடுத்து வாயில வெக்கிது. நீ பாட்டில மட்டும் அவிச்சு என்னா பண்ணப் போற? சோப்பு போட்டுக் கழுவு, போதும். முடிஞ்சா பாட்டிலையே நிறுத்திட்டு டம்ளர் பழக்கு."

ராதிகா டம்ளர் பழக்கினாள். இரண்டே வாரத்தில் குழந்தை பாட்டிலை மறந்துபோனது. ராதிகா அடுப்பை மறக்கவில்லை.

ஞாயிறு தோறும் காவ்யாவிடமிருந்து போன் வரும். "அண்ணி, இன்னும் கொதிக்க வெக்கிறீங்களா?"

"ஆமா."

அந்த 'ஆமா' பொய்யாகிவிடக் கூடாது. அதற்காகக் காலையும் மாலையும் காலிப் பாட்டில்களைப் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒருநாள் கோபிநாத் எட்டிப் பார்த்தான். "நூலா இருந்தா இந்நேரம் வெந்து அந்து போயிருக்கும்" என்றான். சிலிண்டர் ஏன் இத்தனை ஜல்தியாகத் தீர்கிறது என்று கேட்கவில்லை.

இப்போது சதீஷ் ஆரம்பித்தான். "நர்சம்மா, நீங்களே சொல்லுங்க. பதினாறு மாசம் ஆவுது. இன்னும் கொதிக்க வெக்கணுமா?"

குணசுந்தரி ராதிகாவைப் பார்த்தாள். "சுத்தமா வெச்சிகறது நல்லதுதானேப்பா."

"அத கேக்கலீங்க. வெக்கணுமா, வேணாமா?"

"ஒரு வயசோட நிறுத்திக்கலாம்" என்றாள் குணசுந்தரி, தடுப்பூசிப் பெட்டியின் வாரை இழுத்துவிட்டபடி.

"கொறமாசக் கொழந்த இல்லியா, அதான் அண்ணி பயந்துகினு செய்றாங்க" என்றாள் காவ்யா. "அவங்க ஒண்ணத்த சும்மா செய்ய மாட்டாங்க. நீ ஏன் துருவுற?"

அந்த நேரம் பார்த்து மதிவதனி தண்ணீர்க் குடத்தருகே போய்த் தன் சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்து ராதிகாவிடம் நீட்டினாள். ராதிகாவின் கை எழவில்லை. காவ்யா எழுந்து மொண்டு கொடுத்தாள். குழந்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தது.

காவ்யா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாலும் இதுலதானாண்ணா?"

கோபிநாத் சாயமேறிய தன் நகங்களைப் பார்த்தான். "மூணு மாசமாவுது."

காவ்யா சமையலறைக்குள் போனாள். ராதிகாவும் பின்னால் போனாள். நாலு பாட்டிலும் வெளுத்துப் பால் நிறமாகியிருந்தன. ரப்பர்கள் வெந்து பிசுபிசுத்துக் கிடந்தன. ஒன்றிலும் பால் வாடை இல்லை.

"அப்ப இது யாருக்கு அண்ணி?"

"நீ கேக்கும்போது ஆமான்னு சொல்றதுக்கு" என்றாள் ராதிகா.

சதீஷ் சமையலறை வாசற்படியில் நின்று கத்தினான். "எங்கள என்னா கேனைங்கன்னு நெனச்சீங்களாக்கா? ஞாயித்துக்கெழம அந்த ஒரு பேச்சக் கேட்டுட்டு இவ பாத்ரூம்ல தண்ணியத் தெறந்து வுட்டுகினு அழுவா. தெரியுமா உங்களுக்கு?"

ராதிகாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

"போதும் வுடு" என்று சொல்லி அடுப்பை அணைத்தது காவ்யாதான். பாட்டில்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி நின்றது.

குணசுந்தரி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாள். ராதிகா பையில் துணிகளை அடுக்கி மேலே டம்ளரை வைத்தாள்.

"பால்ல சக்கர போட்டுடாத. தூங்கலன்னா காது மடல லேசா தேச்சு வுடு." பையை மூடிவிட்டு, "இப்ப தூக்கலாமா நீ?" என்று கேட்டாள்.

"தூக்கலாம்னு சொல்ட்டாங்க அண்ணி."

காவ்யா தூக்கினாள். குழந்தை வாசல் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனது. ஆட்டோவைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, உடம்பை வில்லாக வளைத்து நழுவி, ஓடிவந்து ராதிகாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டது. பிரித்துக் கொண்டுபோனார்கள். மறுபடியும் ஓடிவந்தது. மூன்றாம் தடவை காவ்யாவுக்கு மூச்சு வாங்கியது. கோபிநாத் பையோடு ஆட்டோ பக்கத்தில் நின்றான். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணி" என்றாள் காவ்யா. இப்போது அவளும் அழுதுகொண்டிருந்தாள். "கதவ சாத்திகங்க. உங்க மொவம் தெரியிற வரைக்கும் அது வராது."

ராதிகா குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, படிக்கு வெளியே நிறுத்தினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வெறுமனே சாத்தினால் அந்தக் கதவு நிற்காது, தள்ளினால் திறந்துகொள்ளும். மதிவதனிக்கு அது தெரியும். கதவின் அடிப்பக்கத்தில் இரண்டு சின்ன உள்ளங்கைகள் தட்டித் தள்ளின. கதவு விரலளவு திறந்தது.

"த்தை."

ராதிகா கதவைத் தோளால் அழுத்தி மூடி, சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.