இரண்டிரண்டு பேராக

மனைவியின் கால் கட்டைவிரல் போர்வைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. மேனேஜர் குனிந்து மூடிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது.

வாசலில் அவருடைய கார் ஷோரூம் வரவேற்புப் பெண்ணும் மெக்கானிக்கும் நின்றார்கள். விடியற்காலையில், தூக்கத்திலேயே மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள். ஏழு மணிக்கு ஷோரூம் வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் செய்தி போட்டார். இருபத்தொரு பேரும் திமுதிமுவென்று வருவார்கள் என்று எண்ணி, வீட்டிலிருந்த நாற்காலிகளையெல்லாம் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார். மைத்துனி ஊரிலிருந்து வந்து சேர நாலு மணியாகும். அதுவரை மனைவியோடு தனியாக இருக்க அவருக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது?

"மத்தவங்கள்லாம் எங்க?"

"வருவாங்க சார். ரெண்டு ரெண்டு பேரா, பத்து பத்து நிமிஷம். சனிக்கிழமை ஷோரூம்ல ஆள் குறையக் கூடாதுன்னு நீங்கதானே... லிஸ்ட் போட்டிருக்கோம்."

வரவேற்புப் பெண் போனை நீட்டினாள். பெயர், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம். சாப்பாட்டு இடைவேளைக்கென்று அவரே கண்டுபிடித்த அதே அட்டவணை. பழக்கதோஷத்தில் தப்பு தேடினார். கிடைக்கவில்லை.

"நல்லா போட்டிருக்கீங்க."

ஆறு வருஷத்தில் அவர் பாராட்டி அவள் கேட்டதில்லை. அரண்டுபோய் மெக்கானிக்கைப் பார்த்தாள்.

மேனேஜர் சமர்த்தர்தான். வழி கேட்க உள்ளே வந்தவனுக்கும் ஒரு காரை விற்று, வழியையும் சொல்லி அனுப்புவார். ஆனால் அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளே இருக்கும் சிரிப்பு சுவிட்சை அணைத்ததுபோல நின்றுவிடும். அதை மரியாதை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

ஜோடி ஜோடியாக வந்தார்கள். மனைவியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை. "கிளம்பட்டுமா சார்?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக, உயரத்தால் நெட்டை என்று பேர் வாங்கியவன் தனியாக வந்தான். ஒன்பது வருஷமாக அவரிடம் விற்பனையில் இருப்பவன். அவன் ஒருவன்தான் அழுதான்.

"மேடம் போன வாரம்கூட போன் பண்ணாங்க சார்."

"உனக்கா? எதுக்கு?"

"நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கத்தான். உங்ககிட்ட கேட்டா எரிஞ்சு விழுவீங்களாம்."

"நீ என்ன சொல்லுவே?"

"சாப்பிட்டார்னு சொல்லுவேன் சார்."

"சாப்பிடாத அன்னைக்கு?"

"அன்னைக்கும்தான். நான் விக்கறவன் சார்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாக இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள் இவர்கள்?

பத்து நிமிஷம் ஆயிற்று. நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கொஞ்ச நேரம் இரு."

கெஞ்சலாக நினைத்தது, வாயை விட்டு வரும்போது உத்தரவாகத்தான் வந்தது. நெட்டை விறைத்து நின்றான்.

"ரெண்டு டெலிவரி இருக்கு சார். முடிச்சிட்டு வந்துடறேன்."

மூன்று வருஷத்துக்கு முன் இதே நெட்டை அவர் மேஜைக்கு முன்னால் வந்து, அப்பா போயிட்டார் சார் என்றான். மாதக்கடைசி. நிமிராமலே, "ரெண்டு டெலிவரி இருக்கு, முடிச்சிட்டுப் போ" என்றார் இவர். முடித்துவிட்டுத்தான் போனான். அதற்குள் அங்கே அப்பாவை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவன் முகத்தில் பழி வாங்கும் களை கொஞ்சம்கூட இல்லை. குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பாவம், அவன் வேலையைத்தான் சொன்னான்.

"போ. கஸ்டமரைக் காக்க வைக்காதே."

கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்காமல் போனான். மணி பதினொன்றே முக்கால்.

ஃபிரிட்ஜின் மேலிருந்த மனைவியின் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"வணக்கம் மேடம், புதுசா ஒரு தண்ணி ஃபில்டர் வந்திருக்கு. ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"மேடம் இல்லை." தொண்டையைச் செருமினார். "எங்கிட்ட சொல்லுங்க."

வேலைக்குப் புதியவள் போல. எப்போது போனை வைத்துவிடுவாரோ என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அஞ்சு அடுக்கு வடிகட்டி, மண்ணு போகும், குளோரின் போகும், ரெண்டு வருஷ உத்தரவாதம். அவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"அவ்வளவுதான் சார்."

"அந்த அஞ்சு அடுக்கு சொன்னீங்களே, அது சரியாப் புரியலைம்மா. அவசரமே இல்லை. நிதானமா இன்னொரு தடவை சொல்லுங்க."

அந்தப் பக்கம் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பது கேட்டது. பிறகு முதல் அடுக்கிலிருந்து ஆரம்பித்தாள்.