நாற்பத்தொன்றாம் பக்கம்

திட்ட அதிகாரி மனுக்களைப் படிப்பதில்லை. நிராகரிப்பதற்குப் படிக்கத் தேவையில்லை என்பது அவர் கண்ட ஞானம். கணினியில் பதினொரு காரணங்கள் தயாராக இருந்தன. மனு வந்தால் ஒன்றை எடுத்து ஒட்டுவார், கையெழுத்துப் போடுவார், பல் குத்துவார்.

நகராட்சியின் அந்தப் பிரிவில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவளுக்குச் ‘சிவப்பு மை’ என்று பெயர். கோப்பில் சேரும் ஒவ்வொரு தாளுக்கும் சிவப்பு மையில் பக்க எண் போடுவது அவள் வேலை. எண் விழுந்த தாளை உருவ முடியாது. உருவினால் அடுத்த தாள் காட்டிக்கொடுத்துவிடும். அதிகாரியின் பதினொரு காரணங்களுக்கும் வருடக்கணக்கில் எண் போட்டவளும் அவள்தான். அவரை அவள் மதிக்கவில்லை. தன்னையும் அவ்வளவாக மதிக்கவில்லை.

டிவி மெக்கானிக் ஒருவர் ஆண்டெனா மாட்டப் போய் மாடியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டு வாசலில் நான்கு படி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் மனைவியும் மச்சானும் மூட்டை மாதிரித் தூக்கி இறக்க வேண்டும். சக்கர நாற்காலி இறங்க ஒரு சாய்தளம் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். ஏழாவது காரணம் ஒட்டப்பட்டது: மனையில் உள்ள நிழல் தரும் மரத்தின் வேர்கள் பாதிக்கப்படும்.

மனைவி ஆணையோடு வந்தாள்.

“எந்த மரங்க?”

“ஆணையில போட்டிருக்கேம்மா. படிச்சுப் பாருங்க.”

“படிச்சேன். மரத்தைத்தான் காணோம். வாசல் பூரா சிமெண்ட்டுங்க, புல்லுகூடக் கிடையாது.”

“அப்ப மேல்முறையீடு பண்ணிக்கோங்க.”

பண்ண மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அவள் பண்ணினாள். மேல்முறையீட்டுக் குழுவின் உறுப்பினர் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பதாகக் கடிதம் வந்தது.

தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் முடிந்திருக்கும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்கள் உண்டு. அதிகாரி அதற்கும் மேலே. நாலாவது காலை வெட்டிவிட்டு வந்து எண்ணிக் காட்டுகிறவர். தோட்டப் பிரிவுக்குப் போன் செய்தார்.

மறுநாள் மத்தியானம் தோட்ட மேஸ்திரி மண் ஒட்டிய கையோடு சிவப்பு மையின் மேசைக்கு வந்து ஒரு படிவத்தை நீட்டினார்.

“இந்தாக்கா. அந்த மெக்கானிக் வீட்டு ஃபைல்ல சேர்த்துடுங்க.”

மரம் நட்ட இடம், தேதி, நேரம், உயரம், உத்தரவிட்டவர். எல்லாம் முத்து முத்தான எழுத்து.

“சிமெண்ட்ட உடைச்சா நட்டீங்க?”

“நடச் சொன்னாங்க, நட்டேன். ஏன்னு கேக்குற சம்பளம் எனக்கு இல்லக்கா.” மேஸ்திரி திரும்பப் போனவர் நின்றார். “அந்த மனுஷன் ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். தண்ணி யாரு ஊத்துவாங்கன்னு கேட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

அவர் போன பிறகு அவள் படிவத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பேனாவை எடுத்து நாற்பத்தொன்று என்று எண் போட்டாள். ஆய்வு மறுநாள் காலை பதினோரு மணிக்கு என்று அன்று வந்திருந்த கடிதத்தை அதன் மேல் வைத்து நாற்பத்திரண்டு போட்டாள்.

சாயங்காலம் அதிகாரிக்கு விஷயம் போய்விட்டது.

“மேஸ்திரி குடுத்த பேப்பரை எடும்மா.”

“எண் போட்டாச்சு சார்.”

“கிழிச்சிட்டு வேற போடு.”

“நாப்பத்திரண்டும் போட்டாச்சு சார்.”

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “உன் பதவி உயர்வு ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார். அதுக்கும் நான்தான் பக்க எண் போட்டேன்.”

மறுநாள் உறுப்பினர் வந்தார். குள்ளமான மனிதர், கையில் குடை. மரத்தைச் சுற்றி வந்தார். ஆள் உயரம், ஒன்பது இலை. அடியில் மண் ஈரமாக இருந்தது. நாற்றுப் பையின் கறுப்பு விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவர் அதைக் குடை நுனியால் தொட்டுப் பார்த்தார். கோப்பை வாங்கி மெக்கானிக் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து புரட்டினார். சிவப்பு மை சற்றுத் தள்ளி நின்றாள்.

“இந்த மரத்துக்கு என்ன வயசு?”

“பழைய மரம் சார்,” என்றார் அதிகாரி. “வளர்ச்சிதான் கம்மி.”

“நாப்பத்தொண்ணாம் பக்கம், நேத்து காலையில பத்தரைக்குப் பொறந்துச்சுங்குது.”

ஜன்னலுக்குள்ளிருந்து மெக்கானிக் சிரித்தார். அதிகாரி கைக்குட்டையைத் தேடினார்.

சாய்தளத்துக்கு அனுமதி கிடைத்தது. மரத்தை நகராட்சியே எடுத்துக்கொள்ள வேண்டும், உடைத்த சிமெண்ட்டைப் பூச வேண்டும், முடிந்ததும் கோப்பைத் தன் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்று உறுப்பினர் எழுதினார். மேஸ்திரி மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். சாய்தளம் முடிந்த அன்று மெக்கானிக் தனியாகவே சக்கரத்தை உருட்டி இறங்கித் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வந்தார். நன்றி சொல்ல யாரும் நகராட்சிக்கு வரவில்லை. சிவப்பு மை எதிர்பார்க்கவும் இல்லை. உரிமையைப் பிச்சைபோலப் போட்ட இடத்துக்கு யார் வருவார்கள்.

பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அந்த வாரமே அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கோப்பில் தாள் சேர்த்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? அதிகாரி அவளை நிற்க வைத்தே கொடுத்தார்.

அவள் நின்றபடியே படித்தாள். எழுத்தில் கோபம் தெரிந்தது. கோபத்தில், எந்தக் கோப்பு என்று காட்டும் ‘பார்வை’ என்ற இடத்தில் மெக்கானிக் வீட்டுக் கோப்பு எண்ணையே போட்டிருந்தார். இதையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்.

“என்னம்மா, பதில் எப்ப வரும்?”

“ரெண்டு நாள்ல தரேன் சார்.”

மேசைக்கு வந்தாள். எந்தக் கோப்பின் எண் இருக்கிறதோ தாள் அந்தக் கோப்பில் சேர வேண்டும், அதுதான் விதி. உறுப்பினரின் பார்வைக்குப் போகக் கட்டி வைத்திருந்த கோப்பின் கயிற்றை அவிழ்த்தாள். குறிப்பாணையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். மூலையில் சிவப்பு மையில் நாற்பத்தேழு என்று எண் போட்டாள். மை காயும்வரை ஊதினாள். கயிற்றைக் கட்டித் தபாலுக்கு அனுப்பினாள்.