தங்கச்சி தின்ற மாலை

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. எண்பத்தாறில் வேறு ஏதோ வேலையாகச் சிங்கப்பூரில் புக்கித் தீமா பக்கம் ஒரு குதிரைச் சவாரிக் கழகத்துக்குப் போயிருந்தேன். லாயத்துச் சுவரில் தமிழில் தட்டச்சு செய்த அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. 'குதிரைகள் தின்னக் கூடாத தோட்டச் செடிகள்: அரளி, உண்ணிச்செடி, ஊமத்தை. தின்றால் பாதகமில்லாதவை: செம்பருத்தி, ரோஜா, மல்லிகை.' அரளிக்குப் பக்கத்தில் பேனாவால் யாரோ இரண்டு சொல் சேர்த்திருந்தார்கள்: 'மாலையும் சேர்த்து.'

அதை ஏன் சேர்த்தார்கள் என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இது செய்தி. இப்போது நீங்கள் படிக்கப்போவது முழுக்க என் கற்பனை, குதிரையும் சேர்த்து.

2

முதல் தொடக்கம்: 'அன்று காலையிலிருந்தே வானம் இருண்டு, ஏதோ விபரீதம் நடக்கப்போவதாக' – (வேண்டாம். சிங்கப்பூரில் பாதி நாள் வானம் இருண்டுதான் இருக்கிறது. விபரீதம் ஒன்றும் நடப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'சிலுவைராஜுக்குக் குதிரை என்றால் பயம்.' இது நிற்கும் என்று தோன்றுகிறது.

சிலுவைராஜுக்குக் குதிரை என்றால் பயம். கழகத்தின் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா, அவர். தினமும் குவீன்ஸ்டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்து, பன்னிரண்டு குதிரைகளின் வைக்கோல், தவிடு, லாடம் எல்லாவற்றையும் அலுவலக மேசையை விட்டு எழாமல் கவனித்துக்கொண்டார். எழுபத்தொன்பதில் யாழ்ப்பாணத்து மிருக டாக்டர் தில்லையம்பலம் ஆங்கிலப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, "இதைத் தமிழிலை அடிச்சு லாயத்திலை ஒட்டிவிடும். முக்கியமா அரளி. அது நெஞ்சைத்தான் பிடிக்கும். திண்ட குதிரையை ஓரடி நடக்க விடக்கூடாது" என்றார்.

சிலுவைராஜ் ஒட்டியதோடு நிற்கவில்லை. பட்டியலும் கையுமாகத் தோட்டத்தில் இறங்கிச் செடி செடியாக விசாரணை நடத்தினார். செம்பருத்திக்கு விடுதலை கிடைத்தது. வேலியோரத்து அரளிகளை வேரோடு தோண்ட வைத்தார். கழகச் செயலாளரின் மனைவி சண்டைக்கு வந்தார்.

"அழகா பூத்திட்டு இருந்துச்சு லா, மிஸ்டர் சிலுவை! அது யாரக் கடிச்சுது?"

"அது கடிக்காது மேடம். குதிரைதான் அதக் கடிக்கும்."

தன் வாழ்நாளில் தான் சொன்ன சிறந்த வாசகம் அதுவே என்று அவர் நினைத்தார். வீட்டுக்குப் போய் மனைவி உர்சுலாவிடம் இரண்டு முறை சொன்னார்.

3

அதற்கு அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. தலைமைக் குதிரைக்காரர் மருதப்பன் சேணம், கடிவாளம், லாடம் அடிக்கும் சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனமிட்டார். குதிரைகளுக்கு மாலை உண்டு. வழக்கமாக மல்லிகை. அந்த ஆண்டு சிராங்கூன் ரோட்டில் வடிவேலு பூக்கடையில் செவ்வரளி அள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருந்ததால் பன்னிரண்டு செவ்வரளி மாலை கட்டி வாங்கி வந்துவிட்டார். கழகத்தின் ஒரே வெள்ளைப் பெட்டைக் குதிரைக்கு ஆவணங்களில் டச்சஸ் என்று பெயர். மருதப்பனுக்கு அது தங்கச்சி. அதன் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, "கல்யாணப் பொண்ணு கணக்கா இல்ல?" என்றார்.

கத்தோலிக்கரான (லாயத்தார் பேச்சில் வேதக்காரரான) சிலுவைராஜ், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று, "ஆமாமா" என்றார்.

[இந்த இடத்தில் நீங்கள் என்னை நிறுத்தலாம். வேலி அரளியைத் தோண்டியவருக்குக் கழுத்து அரளி தெரியவில்லையா? நானும் இந்தப் பாத்திரத்தை இங்கேதான் சந்தேகித்தேன். ஒரு வாரம் எழுதாமல் வைத்திருந்தேன். பிறகு எனக்குப் பட்டது இது: செடி என்றால் தொட்டி, மண், வேலி. கழுத்துக்கு ஏறிவிட்டால் அது மாலை. மாலையைச் சந்தேகிக்க நமக்கு மனம் வராது. நான் அங்கே நின்றிருந்தால் நானும் ஆமாமா என்றுதான் சொல்லியிருப்பேன்.]

4

பூஜை முடிந்ததும் மாலைகளைக் கழற்றி ஒவ்வொரு கொட்டடிக் கதவிலும் தொங்கவிட்டார்கள். வெயிலில் அவை வாடின. பச்சை அரளியின் கசப்புக்குக் குதிரை பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாடினால் அவ்வளவு கண்டிப்புக் கிடையாது.

பிற்பகலில் குதிரைக்காரர் நூர்தீன் அலுவலகத்துக்குள் ஓடிவந்தார்.

"கிராணியாரே, மாலை பதினொண்ணுதான் இருக்கு."

"காத்துல விழுந்திருக்கும் பாய்."

"தங்கச்சி கதவுல நாரு தொங்குது. பூவத்தான் காணோம்."

பயத்தை மேசையிலேயே விட்டுவிட்டுச் சிலுவைராஜ் ஓடினார். தங்கச்சிக்கு வியர்த்துக் கொட்டியது. காலால் தரையைப் பிறாண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. மருதப்பன் கயிற்றைப் பிடித்து அதை நடத்திக்கொண்டிருந்தார். குதிரைக்கு வயிற்றுவலி என்றால் நடத்து. முப்பது வருஷமாக அவர் செய்வது அதுதான்.

"நிறுத்துங்க மருதப்பன்! நடந்தா நெஞ்சு நின்னுடும். அது அரளி தின்னிருக்கு!"

"எந்த அரளி? அதான் எல்லாத்தையும் நீங்க பிடுங்கிட்டீங்களே!"

சிலுவைராஜ் கதவைக் காட்டினார்.

"அட, அது மாலைங்க" என்றார் மருதப்பன், பொறுமையாக. பிறகு அவர் முகம் மாறியது. கால்கள் நின்றன. குதிரையும் நின்றது.

"டாக்டர்கிட்ட வயித்துவலின்னு மட்டும் சொல்லுங்க, கிராணியாரே. மாலைன்னு சொன்னா லாயத்துல இனிமே பூஜையே இருக்காது. என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"வயித்துவலின்னா அவரு வயித்துக்கு மருந்து எடுத்துட்டு வருவாரு. இது நெஞ்சு."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் நூர்தீன், கயிற்றைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு. "வேதக்காரரு கோள் சொல்லிப் பூஜைய நிறுத்திட்டாருன்னு நாளைக்கு லாயமே பேசும். அதையும் தெரிஞ்சுக்கிட்டே சொல்லுங்க."

5

சிலுவைராஜ் தொலைபேசியை எடுத்தார். மருதப்பன் வாசலில் நின்றார்.

"என்ன திண்டது?" என்றார் டாக்டர்.

"அரளி, டாக்டர்."

"அரளியை நீர் புடுங்கிப்போட்டீர் எல்லோ?"

"இது மாலை."

"மாலையோ! குதிரைக்கு ஆர் மாலை போட்டது?"

மூன்று பதில்கள் எழுதினேன்.

(அ) "மருதப்பன்." உண்மை. எழுதிவிட்டு வாசலைப் பார்த்தேன்; அடித்துவிட்டேன்.

(ஆ) "தெரியாது, டாக்டர். நான் போனபோது ஏற்கெனவே" – பொய். அதுவும் சிலுவைராஜுக்கு வராத பொய், பாதியிலேயே நின்றுவிட்டது.

(இ) "நாங்க போட்டது, டாக்டர். எங்க ஆயுத பூஜை."

"நீர் வேதக்காரர் எல்லோ?"

"சுண்டல் ரெண்டு பொட்டலம் சாப்பிட்டேனே, டாக்டர்."

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அசையாமல் வைச்சிரும். வாறன்."

6

டாக்டரின் கார் கிளம்பிவிட்டது.

குதிரை பிழைக்கிற முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன். பள்ளி ஆண்டு விழா நாடகம்போல் கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். சாகிற முடிவும் எழுதினேன். அதில் மருதப்பன் தங்கச்சியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு – அதற்குமேல் எழுதவில்லை.

வைத்தியம் எனக்குத் தெரியாது. டாக்டர் எப்போது வந்து சேருவார் என்பதும் தெரியாது. முடிவு உங்களுடையது. இதோ கயிறு, பிடியுங்கள். வலிக்கு அது நடக்கத்தான் பார்க்கும்; இழுக்கும்; உங்களைப் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். மருதப்பனே வந்து "ரெண்டே ரெண்டு சுத்து" என்று கேட்பார்.

கார் வரும்வரை விடாதீர்கள்.