ட்வைலா கொடுத்த சுருதி

வடக்கு அலபாமாவில் ட்வைலா ஹார்கெட்டின் பாட்டைக் கேட்காதவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் அவளைப் பெற்றவளும் ஒருத்தி. கன்ட்ரி, ப்ளூஸ், தெற்கத்தி ராக் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறியது போல இருக்கும் அவள் பாட்டு. பாடிக்கொண்டே வந்து நடுவில் சட்டென்று நிறுத்தி மௌத் ஆர்கனை வாயில் வைத்தாளென்றால், பீர் கோப்பையைத் தூக்கியவன் குடிக்க மறந்து நிற்பான். பத்தொன்பது வருஷமாக எத்தனையோ ஊர் கைதட்டியாகிவிட்டது. அம்மா ஒரு தடவை கேட்க வேண்டும், ஒரே ஒரு தடவை, என்ற ஆசை மட்டும் நாற்பத்தெட்டு வயதிலும் அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அம்மா போகிற பைன் ஃபோர்க் சபையில் ஆராதனைக்கு வாத்தியம் கூடாது. கர்த்தர் கொடுத்த தொண்டையே போதும் என்பது கட்சி. நாலு குரலாகப் பிரிந்து அவர்கள் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும், அதில் சந்தேகமில்லை. வீட்டில் கிட்டாரோ பியானோவோ வைத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ட்வைலா செய்தது வேறு. முதல் ரெக்கார்டில் சபைப் பாட்டு ஒன்றை எடுத்து, ப்ளூஸ் மாதிரி இழுத்து, டிரம்மும் மௌத் ஆர்கனும் சேர்த்துப் பாடி, அம்மாவுக்குத் தபாலில் அனுப்பி வைத்தாள். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாளாம், அசடு. உறைமேல் பாட்டின் பேரைப் பார்த்த அம்மா வெல்டா, அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். கூட ஒரு துண்டுச் சீட்டு: கர்த்தருடைய பாட்டைச் சாராயக் கடைக்கு இழுத்துப் போனவள் என் வீட்டில் அதை ஊத வேண்டாம்.

அதற்காகப் பேச்சு நின்றுவிடவில்லை. வாரம் ஒரு தடவை டெலிபோனில் மழையைப் பற்றியும் ரத்தக் கொதிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். பாட்டைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் மூச்சு விட்டதில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று ட்வைலாவுக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாள். எங்கெங்கோ போய்ப் பிழைக்கிறவர்களெல்லாம் வந்து, தங்கள் தங்கள் கல்லைக் கழுவி, பூ வைத்து, தகரக் கொட்டகையில் பாடி, மர மேஜையில் கூடிச் சாப்பிட்டுப் போவார்கள். பெரும்பாலும் அன்று ட்வைலா ஏதாவது ஓர் ஊரில் மேடையில் இருப்பாள். இந்த வருஷம் கச்சேரி பக்கத்து ஊரான டீகேட்டரில், அதுவும் சாயங்காலம் ஏழு மணிக்கு. வராமலிருக்க ஒரு சாக்கும் அகப்படவில்லை.

அப்பாவின் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சித்தி மகள் ஜெர்லின் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அடேயப்பா, சீமாட்டி வந்துட்டாங்க! ஏன்டி, உங்க ஊர் பார்ல இன்னைக்கு லீவா?"

"பார்காரன்தான் சொன்னான், ஜெர்லின் முட்டை செஞ்சு கொண்டு வர்றாளாம், போய்ப் பாத்துட்டு வான்னு. இந்த வருஷமாவது உப்புப் போட்டியா?"

"வாய் மட்டும் கொறையல," என்று ஜெர்லின் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்கம்மா காலைலேருந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் சொன்னேன்னு சொல்லாத."

வெல்டா அந்தப் பக்கம் திரும்பாமல் பிளாஸ்டிக் ரோஜாக்களைக் குத்திவைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பது வயது. முதுகு வளையவில்லை, மனசும் அப்படித்தான்.

பத்தரை மணிக்குக் கொட்டகையில் கூடினார்கள். சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் பிரதர் ஹோலிஸ். டிராக்டர் உதிரி விற்கிறவர், நல்ல மனுஷன். ஆனால் காது சுமார். அதனால் சட்டைப் பையில் சுருதிக் குழல் ஒன்று வைத்திருப்பார். வட்டமாக, பிஸ்கட் அளவில் இருக்கும். மெதுவாக ஒரு ஊது ஊதிச் சுருதி காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார். அன்று பையைத் தடவினார். இன்னொரு பையைத் தடவினார். கால்சட்டையையும் தடவிப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து, "வேற கோட்டுல இருக்கு," என்றார்.

சரி, தானாகவே எடுப்போம் என்று முதல் பாட்டை எடுத்தார். எடுத்த எடுப்பே உச்சாணிக் கிளை. பல்லவி வந்தபோது பெண்கள் குரல் கிழிந்தது. ஜெர்லின் பாதியில் பாட்டை விட்டுவிட்டு விசிறியால் வாயை மூடிக்கொண்டாள். சூடு கண்ட பூனையாக இரண்டாவது பாட்டைக் கீழே எடுத்தார். அது ஒரேயடியாகக் கிணற்றுக்குள் போய்விட்டது, அடிக்குரல் பாடுகிற தடிமனான ஆண்கள்கூட உறுமலோடு நின்றுவிட்டார்கள். செத்துப் போனவர்களைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு நாள் வந்து இப்படிப் பாடினால் எப்படி? வெல்டாவின் தாடை இறுகுவதை ட்வைலா பார்த்தாள். எதைப் பொறுத்தாலும் அம்மா பாட்டுக் கெடுவதைப் பொறுக்க மாட்டாள்.

"அடுத்தது ஏ ஃபிளாட் சுருதி," என்று ஹோலிஸ் பாவமாகச் சொன்னார்.

வெல்டா முன்னால் பார்த்தபடியே, கொட்டகைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "ட்வைலா, உன் பையில ஒண்ணு இருக்கும்ல. ஹோலிஸுக்குச் சுருதி குடு."

பின் பெஞ்சிலிருந்து பிரதர் ஆர்விஸ் தொண்டையைக் கனைத்தார். எண்பது வயது, சபையின் சட்டப் புத்தகமே அவர்தான். "சிஸ்டர் வெல்டா, அது வாத்தியமாச்சே?"

"ஹோலிஸ் வருஷம் முச்சூடும் ஊதுறாரே, அது என்ன பிஸ்கட்டா? அதுக்குள்ள இருக்கற பித்தளை நாக்குதான் இதுக்குள்ளயும் இருக்கு. மெட்டு ஊதினா வாத்தியம், பிரதர். ஒரு சுருதி ஊதினா ஒத்தாசை."

ஆர்விஸ் யோசித்தார். "ஒண்ணே ஒண்ணுதானே?"

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் வெல்டா.

ட்வைலா பையில் கையை விட்டாள். பெட்டி நிறைய மௌத் ஆர்கன், ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொன்று, ரோட்டில் நிற்கும் பிக்கப் வண்டியில் இருந்தது. பழக்கதோஷத்தில் கவுன் பையில் போட்டுக்கொண்டு வந்தது ஒன்றுதான், அது ஜி சுருதி. அதில் ஏ ஃபிளாட் கிடையாது. நாலாவது துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் ஏ வரும். தொண்டையை இறுக்கி, நாக்கைப் பின்வாங்கி இழுத்தால் அது அரைச் சுருதி வளைந்து இறங்கும். ப்ளூஸ்காரர்கள் பிழைப்பே அந்த வளைவில்தான் நடக்கிறது. சாராயக் கடையில் சிகரெட் புகைக்கு நடுவே அவள் கற்றுக்கொண்டதும், அம்மா தன் வீட்டில் ஊதவே கூடாது என்று எழுதியதும் அதுதான். இப்போது சபைக்குச் சுருதி வேண்டுமென்றால் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

மேடையில் என்றால் அதை அழவிடலாம், ஆடவிடலாம். இங்கே ஆணி அடித்தது போல நிற்க வேண்டும். ட்வைலா கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். சுருதி வளைந்து இறங்கி, ஏ ஃபிளாட்டில் வந்து அசையாமல் நின்றது. உதட்டைச் சற்றே தளர்த்தினால் போதும், பின்னாலேயே ஒரு மெட்டு ஓடி வந்துவிடும். அம்மா ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பது வருஷம் வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊதிவிடலாமா? ஊதினால் அம்மா எழுந்து போய்விடுவாள், அது அவளுக்கு நிச்சயம். மௌத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்தாள்.

ஹோலிஸ் அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டார். நாலு குரலும் தட்டாமல் சேர்ந்து தகரக் கூரையைத் தூக்கின. ட்வைலா மெட்டு வருகிற மேல்குரல் பாடினாள். பக்கத்தில் அம்மா எப்போதும் போல இரண்டாம் குரல். சின்ன வயதில் இரண்டு பேரும் இப்படித்தான் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுவார்கள். அழுகை வந்தது. பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இன்னும் மூன்று பாட்டு, பாட்டுக்கு ஒரே ஒரு சுருதி. பிறகு ஜெபம், பிறகு பொரித்த கோழி, அவரைப் பருப்பு, வாழைப்பழப் புட்டிங். பேச்சு பூராவும் ஹோலிஸின் கோட்டைப் பற்றித்தான். ட்வைலாவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அம்மா உட்பட. ஒரு தட்டு சோற்றைப் பார்க்க வந்தவளுக்கு ஒரு பருக்கை கிடைத்தது என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். சிரிப்பு வரவில்லை.

நாலு மணிக்குக் கிளம்பினாள். வெல்டா அலுமினியத் தாளில் கோழியைச் சுற்றி எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு வரை கூடவே வந்தாள். ட்வைலா ரோட்டில் இறங்கினாள். அம்மா கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டாள்.

"கெட்டுப் போறதுக்குள்ள சாப்பிடு. வண்டி ஓட்டிக்கிட்டே சாப்பிடாத."

"சரிம்மா."

"அந்த முதல் சுருதி."

ட்வைலா கோழிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"சீக்கிரம் விட்டுட்ட," என்றாள் வெல்டா.

"ஹோலிஸ் பிடிச்சிட்டாரேம்மா."

"ஹோலிஸ் பிடிச்சாரு. நான் பிடிக்கல." வெல்டா திரும்பி மேஜைப் பக்கம் பார்த்தாள். ஆர்விஸ் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். "சபையோட எடம் இந்தக் கம்பி வரைக்கும்தான். ரோடு கவுன்ட்டி சர்க்காரோடது. அங்க நின்னு யார் என்ன ஊதினாலும் நான் என்ன பண்ண முடியும்?"

ட்வைலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மௌத் ஆர்கனை எடுத்து வாயில் வைத்தாள். உதடு ஒட்டிக்கொண்டது, மூச்சு வரவில்லை. எந்தப் பாட்டு? அம்மாவுக்கு எதை ஊதுவது? ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்த மனசில் ஒரு மெட்டுகூட மிஞ்சவில்லை. "வரலம்மா," என்றாள் குழந்தை மாதிரி.

வெல்டா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவதாகப் பாடிய அந்தப் பாட்டையே மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். வயதான தொண்டை, அரைச் சுருதி கீழே எடுத்தது. சரியாக ஜி, மகள் கையிலிருந்த மௌத் ஆர்கனின் சுருதி. எதையும் வளைக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா பாடியது மெட்டை அல்ல, இரண்டாம் குரலை. தனியாகக் கேட்டால் எங்கும் போகாமல் ஒரே இடத்தில் நிற்கிற குரல் அது. ஒரு வரி முழுக்க அப்படியே பாடினாள், மேலே வர வேண்டிய குரலுக்கு இடம் விட்டு. அடுத்த வரிக்கு ட்வைலா ஊதினாள்.